எங்கள் தெருவை எழுதிப் போனவர்

கண்ணு,

ஒரு மாதமாக நீ என்னிடம் காட்டும் பிரியத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை, இப்போது நான் மாவு ஆட்டும்போது பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொள்கிறாய். அந்தக் காலத்தில் சிறுவாணிக் குழாயடிக்கு யார் யார் வருவார்கள், நாயர் கடையில் என்ன பேசிக்கொள்வார்கள், நாங்கள் சண்டை போட்டால் தெலுங்கில் திட்டுவோமா தமிழில் திட்டுவோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாய். நான் சொல்லச் சொல்ல உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அது அம்மா பேச்சைக் கேட்கிற சந்தோஷம் இல்லை. நல்ல பருத்தியைக் கண்ட தரகன் முகத்தில் வருகிற வெளிச்சம். அந்த முகம் எனக்குத் தெரியும். அதே முகத்தோடு ஒருவர் நம் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

நீ மெட்ராஸுக்குப் போய்ப் பத்திரிகையில் சேரப் போகிறாய். நல்லது. உன் காலேஜில் நடந்த வழியனுப்பு விழாவுக்கு என்னையும் அமலி டீச்சரையும் கூப்பிட்டிருந்தாய். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீ பேசினாய். ஒரு நாவலைச் சொல்லி, கோயமுத்தூரை உள்ளபடி காட்டிய ஒரே நாவல் அதுதான் என்றாய். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதும் ஒரே தெருவில் கைகோத்து வாழ்வதை அதில்தான் பார்த்தேன் என்றாய். ஏரியில் விழுந்து சாகிற அந்த மேரி டீச்சருக்காகப் பத்தாம் வகுப்பில் அழுதேன் என்றும், நானும் அப்படி ஒரு கதை எழுதுவேன் என்றும் சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். அமலியும் தட்டினாள். தட்டிவிட்டு, என் காதோரம் குனிந்து, "ஏனுங்க அக்கா, இனிப் பையனுக்குச் சொல்லிப்போடுங்க. அவனும் எழுதப் போறானே" என்றாள். அவள் சொன்னதால்தான் இந்தக் கடிதம். இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காததும் அவளுக்காகத்தான். படிக்கிற பையன், அவனுக்குப் பிடித்த புத்தகத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதை ஒரு பிரதி எடுத்து, நீ சேரப் போகிற பத்திரிகைக்கும் அனுப்புவதாக இருக்கிறேன். உன்னைப் போல் அழுதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். போடுவார்களா என்பது சந்தேகந்தான்.

அந்த நாவலில் வருகிற தெரு நம் தெரு. பெயரை மாற்றிவிட்டார், அவ்வளவுதான். அதை எழுதியவரை நாங்கள் மாடிக்காரர் என்றுதான் சொல்வோம். நீ அப்போது பள்ளிக்கூடம் போகவில்லை. அவர் கொடுத்த பெப்பர்மிண்ட் உனக்கு ஞாபகம் இருக்காது. காவேரிக்கரை ஊர்க்காரர். இன்சூரன்ஸ் கம்பெனி வேலையாக இங்கே வந்து நம் மாடியை வாடகைக்கு எடுத்தார். தனிக்கட்டை. நல்ல மனுஷர் என்பதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் நாயர் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் யார் பேசினாலும் கேட்பார். முனைக்கடைத் தையல்காரர் கரீம் பாய் வீட்டு நோன்புக் கஞ்சியையும் குடிப்பார், நம் வீட்டு கோங்கூராக் கீரைத் துவையலையும் சாப்பிடுவார், கிறிஸ்துமஸுக்கு அமலி வீட்டில் கொடுத்த பலகாரத்தையும் வைத்துக் கொண்டாடுவார். "உங்கள் ஊரே ஒரு சங்கீதம் அம்மா" என்பார் என்னிடம். குழாயடியில் நாங்கள் குடத்தை முட்டிக்கொண்டு போட்ட சண்டையைத்தான் சங்கீதம் என்கிறார் என்பது, பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வந்த பிறகே தெரிந்தது.

கதை வாராவாரம் வந்தது. நாயர் ஒரு பிரதி வாங்குவார். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் டீயை ஆறவிட்டுக் கேட்பார்கள். முதல் சில வாரங்கள் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. பத்திரிகையில் நாமா என்று எல்லாருக்கும் பெருமை. பிறகு ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். நாயர் என்னிடம் சொன்னார்: "பாய் கேரக்டர் அச்சு அசல். உங்க வீட்டு ஆளுங்களும் அப்படியேதான். என்னைத்தான் என்னமோ தந்திரக்காரன் மாதிரி எழுதியிருக்காரு. அது சரியில்லை." கரீம் பாய் துணி அளந்துகொண்டே, "நாயர் விசயம் நூத்துக்கு நூறு கரெக்ட்டுங்க அம்மணி. ஆனா நான் எப்பங்க புறா வளத்தேன்? ஒரு மிசினு வெக்கவே எடமில்ல, புறா எங்கீங்க வெக்கறது?" என்றார். நம் வீட்டில் உன் நைனாவும் அதையேதான் சொன்னார். மற்றவர்களையெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறார், தெலுங்குக்காரர்களை மட்டும் ஈவு இரக்கமில்லாத பணக்காரர்களாக ஆக்கிவிட்டார் என்றார். அவர் மில் ஆபீசில் குமாஸ்தா. பணத்தை அங்கே மற்றவர்கள் எண்ணுவதைத்தான் பார்த்திருக்கிறார்.

இதை நீ நன்றாக யோசித்துப் பார். ஒவ்வொருவருக்கும் தன்னைப் பற்றி எழுதியது பொய் என்று தெரிந்தது. அடுத்தவரைப் பற்றி எழுதியது உண்மை என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு நாயர் பாக்கிச் சில்லறை கொடுத்தால் நான் ஒரு தரம் பார்த்து வாங்கினேன். அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. நம் ஊரில் எல்லாரும் சேர்ந்து இருக்கிறோம் என்று எழுதிய கதையைப் படித்துத்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். ஊரைப் பற்றி ஒரு புத்தகம் அழகாக இருக்கிறது என்று உனக்குத் தோன்றினால், அதில் உன்னைப் போன்ற ஆள் எந்தப் பக்கத்தில் வருகிறான் என்று முதலில் தேடிப் பார். அந்தப் பக்கம் எவ்வளவு நிஜமோ, மற்ற பக்கங்களும் அவ்வளவுதான்.

இனி அமலியைப் பற்றி. நீ அவளை டீச்சரத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அப்போது அவளுக்கு இருபத்தைந்துக்குள் இருக்கும். அப்பா இல்லை. அம்மாவோடு நம் அடுத்த வீட்டில் இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலை. மில் தொழிலாளிகள் அந்தக் காலத்தில் நாடகம் போடுவார்கள். தொழிற்சங்கத்து ஓட்டுக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. நாயர் ஆர்மோனியம், கரீம் பாய் ஆடை. கதாநாயகன் வேஷம் துடியலூர்ப் பக்கத்துப் பொன்னுசாமி என்கிற ஃபிட்டர். குரல் கணீரென்று இருக்கும், ஆனால் வசனம் மனதில் நிற்காது. எனவே திரைக்குப் பின்னால் இருந்து வசனத்தை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அமலியைக் கேட்டார்கள். தனியாக எப்படிப் போவது என்று அவள் என்னைக் கேட்டாள். நான் கூடப் போனேன். அவள் வசனம் சொல்வாள். நான் லாந்தரைத் தூக்கிப் பிடித்துத் தாளைத் திருப்புவேன். நீ என் மடியிலேயே தூங்கிப் போவாய். எந்த வெள்ளிக்கிழமையும் அவள் என்னை விட்டுப் போனதில்லை.

உன் நைனாவுக்கு இது தெரியும். அவர் தடுக்கவில்லை. ஆனால் முதலாளி நம் சொந்தக்காரர். சங்கத்துக் கொட்டகைக்குக் குமாஸ்தாவின் சம்சாரம் போய் வருகிறாள் என்று முதலாளியின் பெரிய வீட்டுக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆகாது. போவதானால் போ, நம் பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

மாடிக்காரரும் ஒன்றிரண்டு தரம் ஒத்திகை பார்க்க வந்தார். அப்புறம் ஒரு வாரம் அந்த அத்தியாயம் வந்தது. மேரி என்கிற கிறிஸ்தவ டீச்சர். கைப்பிடி உடைந்த குடை. பள்ளிக்கூட வாசலில் வேப்பமரம். திரை மறைவில் லாந்தர் வெளிச்சத்தில் அவள் தனியாக நிற்கிறாள். நாயகன் வசனத்தை மறந்து அவள் பக்கம் திரும்புகிறான். அவள் உதடு மட்டும் அசைகிறது. எங்கே தமிழ் முடிந்து எங்கே மூச்சு ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். எனக்கே படித்துவிட்டு மயிர்க்கூச்செறிந்தது. பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்: லாந்தர் இருக்கிறதே, அதைப் பிடித்த நான் எங்கே?

அடுத்தடுத்த வாரங்களில் மேரியும் அந்த மில்காரனும் சினிமாவுக்குப் போனார்கள். நொய்யல் கரையில் நடந்தார்கள். நம் தெருவில் அமலி குடையோடு நடந்தால் பேச்சு நின்றது. பையன்கள் பொன்னுசாமி வசனத்தைப் பேசிக் காட்டினார்கள். கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, பெண்ணைப் பற்றிப் பத்திரிகையிலேயே வருகிறதே என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அடுத்து, பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, வருகிற வருஷம் வேலை உண்டா என்பதை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அமலியின் அம்மா அடுப்பு மூட்டவில்லை. நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "நீங்க கூடத்தான் இருந்தீங்களா அம்மணி, இல்ல நடுவுல எந்திரிச்சு எங்கியாச்சும் போனீங்களா?" என்று கேட்டார். பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அமலி என் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். மாடிக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"அது நீங்கள் இல்லை டீச்சர். மேரி என் கற்பனை. கதையைக் கதையாகப் பார்க்க வேண்டும்" என்றார்.

"கற்பனைன்னா எங்க பள்ளிக்கூடத்து வேப்பமரம் எதுக்குங்க வந்துச்சு? என்ற குடை எதுக்குங்க வந்துச்சு, கைப்பிடி ஒடைஞ்சது ஒடைஞ்சாப்லயே?" என்றாள் அமலி. "என்னையச் சேந்தது அத்தனையும் எடுத்துக்கிட்டீங்க. பக்கத்துல உக்காந்திருந்த அக்காவை மட்டும் உட்டுப்போட்டீங்க. அது ஏனுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார். "உங்கள் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார் அம்மா. உங்கள் வீட்டுப் பெயர் எந்த வகையிலும் வந்துவிடக் கூடாது என்றார்."

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் பழி முழுக்க உன் நைனா மேல் போயிருக்கும். ஆனால் அவர் மேலும் சொன்னார். அதற்காக அவரை இன்றும் கொஞ்சம் மதிக்கிறேன். "அவர் கேட்காவிட்டாலும் எடுத்திருப்பேன். மடியில் குழந்தையோடு ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் கதை நகராது."

"கதை நகரோணும்னு என்னைய நகத்திப்போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அமலி எழுந்தாள். அழவில்லை. மறுவாரம் கதையில் மேரி அழுதாள்.

கீழே வந்தேன். உன் நைனா சவரம் செய்துகொண்டிருந்தார். நம் வீட்டுத் தெலுங்கில்தான் பேசினோம், பத்திரிகைக்கும் போவதால் தமிழில் எழுதுகிறேன். அந்த நாவலில் நம்மைப் போன்றவர்கள் வாய்க்கு வாய் "ரா ரா" என்று பேசுகிறார்கள், கவனித்திருப்பாய். நம் வீட்டில் பாதித் தெலுங்கு, பாதிக் கோயமுத்தூர்த் தமிழ் என்பது மாடியில் குடியிருந்தவருக்குக் கேட்கவில்லை.

"நீங்க அவர்கிட்டச் சொன்னீங்களா?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "சொன்னேன். பெரிய வீட்டுக்குத் தெரிஞ்சா வம்பாகும்னு பாத்தேன். உன்னையக் காப்பாத்தோணும்னுதான்."

"என்னையக் காப்பாத்திட்டீங்க. அந்தப் புள்ளையை யார் காப்பாத்தறது?"

அவர் பாதி முகத்தில் சோப்போடு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "நீ போய் சிஸ்டர்கிட்டச் சொல்லு. ஆனது ஆகட்டும்" என்றார். இதையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

மறுநாள் சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். நான் இன்னார் சம்சாரம், ஒத்திகைக்குப் போன நாளெல்லாம் அமலி பக்கத்தில் நான்தான் இருந்தேன், என் குழந்தையும் இருந்தது என்று சொன்னேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்தான், கெட்டவர் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "அப்படின்னா கதையில நீங்க ஏன் இல்லை?" என்றார்.

கண்ணு, அந்தக் கேள்வி என்னை அறைந்த மாதிரி இருந்தது. ரத்தமும் சதையுமாக எதிரே நிற்கிறேன். ஆனால் அச்சில் இல்லை. அச்சில் இல்லாதவள் அங்கே இருந்திருக்க முடியாது என்று படித்த ஒரு பெண்மணி நினைக்கிறார். பாசத்தில் பொய் சொல்ல வந்திருக்கிறேன் என்று அவர் கண்ணே சொன்னது. அதன் பிறகு அச்சான எதைப் படித்தாலும், இதிலிருந்து யாரை எழுப்பி அனுப்பினார்கள் என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது. ஊர்வலத்தைப் பற்றிப் படித்தாலும் சரி, கச்சேரியைப் பற்றிப் படித்தாலும் சரி, எல்லா மதத்தாரும் கூடிக் கொண்டாடினார்கள் என்று படித்தால் இன்னும் அதிகமாகக் கேட்கிறது.

நாடகத்துக்கு நாள் நெருங்கியது. பொன்னுசாமி நம் வாசலுக்கு வந்து நின்றான். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான். "நான் வேசம் கட்டலீங்க அம்மணி. டீச்சரம்மாவும் வர வேண்டாமுங்க. நானு ஒதுங்கிப்போட்டா பேச்சு நின்னு போயிருமுங்க" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. அவனுக்கும் ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நம் வீட்டில் இருந்த அமலி உள்ளேயிருந்து வந்தாள். "நீங்க ஒதுங்குனீங்கன்னா கதை நெசம்னு ஆயிருமுங்க. ஒதுங்க வேண்டாம். நானும் வாரேன். ஆனா திரைக்குப் பின்னால இனி உக்கார மாட்டேன்."

எங்கே உட்காருவாய் என்று கேட்டேன். சனங்களுக்கு நடுவில் தெரிகிற மாதிரி, மேடைக்கு முன்னால் என்றாள். அப்போதே எனக்கும் வேறு வழி இல்லை என்று புரிந்தது. நானும் அங்கேதான் உட்கார வேண்டும். பெரிய வீட்டாரும் அந்த நாடகத்துக்கு வருவார்கள்.

மில் கேட்டுக்கு எதிரே மைதானத்தில் பொழுது சாயும்போது ஆரம்பித்தது. நல்ல கூட்டம். சிஸ்டரை அமலியே போய் அழைத்திருந்தாள். அவர் இன்னும் இரண்டு சிஸ்டர்களோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். முதலாளி வீட்டார் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார்கள். முதலாளி முன்னால் எங்களுக்குப் பெஞ்சு போடச் சங்கத்து ஆட்கள் யோசித்து நின்றபோது, உன் நைனா எழுந்து போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து பெஞ்சைத் தன் தோளிலேயே சுமந்து வந்து மேடைக்கும் முதலாளி நாற்காலிக்கும் நடுவில் போட்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு உன்னைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்துவிட்டுப் போய்ப் பின்னால் நின்றுகொண்டார்.

முதலில் விசில் அடித்தார்கள். "மேரி, மேரி" என்று ஒரு குரல் கேட்டது. அமலி திரும்பவே இல்லை. நாடகம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பொன்னுசாமி வழக்கம்போல வசனத்தை விட்டான். அமலி வகுப்பில் பையனைத் திருத்துகிற குரலில் உரக்க எடுத்துக் கொடுத்தாள். அவன் தப்பாகச் சொன்னான். அவள் மறுபடி சொன்னாள். அவன் மறுபடி தப்பாகச் சொன்னான். கூட்டம் சிரித்தது. நான் தாளைத் திருப்பினேன். நீ விளக்கைத் தொடப் போய் என்னிடம் ஒரு அடி வாங்கி அழுதாய். உன்னைச் சமாதானம் செய்வதற்குள் நான் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். அதில் அமலியே தடுமாறி, "அக்கா, பக்கம், பக்கம்" என்று என்னை அதட்டினாள். அதுவும் எல்லாருக்கும் கேட்டது. வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையைப் போல் காதலுக்கு உதவாத வேலை உலகத்திலேயே இல்லை என்பதை அன்று அந்த மைதானமே கண்ணால் பார்த்தது. பாதி நாடகத்துக்கு மேல் எங்களை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சிஸ்டர் அமலிக்கு வருகிற வருஷத்து வகுப்பை ஒதுக்கிவிட்டார். கருமத்தம்பட்டிச் சம்பந்தம் திரும்பி வரவில்லை. முதலாளி வீட்டில் சத்தம் போடவில்லை. உன் நைனாவை உடுமலைப்பேட்டைப் பருத்தி அரவை மில்லுக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நைனா வருகிற காலம் ஒன்று உனக்குச் சின்ன வயசில் இருந்ததே, அது இதனால்தான். அதற்காக அவர் ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைக்கலாம். நாடகம் முடிந்து சில வாரங்களில் கதையில் மேரி சிங்காநல்லூர் ஏரியில் இறங்கிவிட்டாள். அன்று நாயர் கடையில் படித்தபோது யாரும் டீயைத் தொடவில்லை. பெஞ்சில் அமலியும் நானும் உட்கார்ந்ததைப் பார்த்த அதே ஆட்கள் அழுதார்கள். கரீம் பாய் எதிரே வந்த அமலியை நிறுத்தி, "மனசுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சுங்க டீச்சரம்மா" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அதன் பிறகு தெருவே அவளிடம் அன்பாக நடந்துகொண்டது. குழாயடியில் அவள் குடத்துக்கு முதலிடம் விட்டார்கள். அந்த அன்பை அவளால் தாங்க முடியவில்லை. "செத்தவளுக்குச் செய்யறாங்க அக்கா. எனக்கு இல்லீங்க" என்பாள். பிறகு வந்த வரன்களும், அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கதையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கடைசியில் அவளே போதும் என்றுவிட்டாள். மாடிக்காரர் மாற்றலாகிப் போனார். கதை புத்தகமாக வந்தது. பல பாஷைகள் கூடி வாழும் நகரத்தின் கண்ணாடி என்று பேர் வாங்கியது. நீ பத்தாம் வகுப்பில் அதைப் படித்து அழுது தலைவலித்தபோது, உனக்குக் கோடாலித் தைலம் தடவி விட்டது அமலிதான்.

நீ எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டாய். ஆனால் யாரைப் பற்றி எழுதுகிறாயோ அவரைப் பார்த்தே எழுது. கதை நகரவில்லை என்றால் நகராமல் நிற்கட்டும். நான் சொல்வதையும் அப்படியே நம்பாதே. நாயரைக் கேள், அவர் வேறு மாதிரி சொல்வார். பொன்னுசாமி இப்போது துடியலூரில் பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இல்லை என்றாலும் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறான், அவனைக் கேள். அமலியைக் கடைசியில் கேள், அவள் சரி என்று சொன்னால் மட்டும்.

போன வருஷம் நீ பரீட்சைக்காக ஹாஸ்டலில் இருந்தபோது மாடிக்காரர் வந்திருந்தார். டவுன் ஹால் பக்கம் ஏதோ விழாவில் அவருக்குப் பொன்னாடை போட்டார்களாம். பழைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உன் நைனா நாற்காலி போட்டார். அமலி அப்போது என்னோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கொஞ்சம் நரை, ஒரு கண்ணாடி. அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இவங்க யாரு, உங்க சொந்தமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அமலி, "பக்கத்து ஊடுங்க" என்றாள். எழுந்து போய் அவருக்குக் காப்பி கலந்து எடுத்து வந்தாள்.

அவர் காப்பியைக் குடித்தபடி தெருவைப் பார்த்தார். காந்திபுரத்தில் இறங்கினால் ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். "நான் எழுதின அந்த ஊரும் இல்லை, அந்த ஜனங்களும் இல்லை அம்மா. எல்லாம் மறைஞ்சு போச்சு" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. அமலி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா